உணவில் கலந்து தர ஒப்புதல்

பிப்ரவரி 3

தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் ஏழாம் அறையில் இருக்கும் அம்மாவின் மகன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும் என்பதால் அறிமுகத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மாவை இல்லத்தில் சேர்த்துவிட்டதாக என் தங்கை சொன்னது சேர்த்த மறுநாள். அங்கே தலைமை நர்ஸ் யார் என்று சொன்னது மூன்று வாரம் கழித்து. "அண்ணி இருக்காங்கண்ணா, அந்தத் தைரியத்துலதான் விட்டேன்" என்றாள். பதினொரு வருடத்துக்கு முன் என் வீட்டை விட்டுப் போனவரை அவள் இன்னும் அண்ணி என்பது அவளுடைய தாராளம். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

இப்படிப்பட்ட இல்லங்களை ஆய்வு செய்வதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, நான் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது. எனக்குப் பின்னால் சேர்ந்து, எல்லாரிடமும் சிரித்துச் சிரித்தே காரியம் சாதித்த பல்லழகர் மூத்த ஆய்வாளராகிவிட்டார். உங்கள் வட்டாரமும் இப்போது அவர் கையில். சொந்தத் தாய் இருக்கும் இல்லத்துக்குள் நான் ஆய்வாளராக வர விதி இடம் தராது. மகனாக வரலாம். அது இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். தொலைபேசியில் பேசியதை யாரும் எப்போதும் இல்லையென்று சொல்லிவிடலாம். ஆகவே எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும்.

ஏழாம் அறையின் அழைப்பு மணி படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா, அல்லது பல இடங்களில் போலத் தொந்தரவென்று சுவரில் சுருட்டி மாட்டப்பட்டிருக்கிறதா? குளிக்கும் வெந்நீரின் சூட்டை யார், எதை வைத்துப் பார்க்கிறார்கள்? சேர்த்த நாளில் அம்மாவின் எடை எவ்வளவு, இன்று எவ்வளவு? தீப்பிடித்தால் வெளியேறும் வழிக் கதவுக்கு யாராவது வாளியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்களா? கடைசியாக ஒன்று. தலைமை நர்சுக்கும் ஏழாம் அறைக்கும் உள்ள உறவு நிர்வாகத்துக்குத் தெரியுமா?

இப்படிக்கு,
ஏழாம் அறையின் மகன்


பிப்ரவரி 10

ஏழாம் அறை அம்மாவின் மகனுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும்.

மணி கைக்கு எட்டுகிறது. எட்டுவதால் ஒரு நாளைக்கு நாற்பது முறை அடிக்கிறார்கள். அதில் முப்பத்தைந்து முறை, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கார் யாருடையது என்று கேட்க. வெந்நீரை ஒவ்வொரு குளியலுக்கு முன்னும் வெப்பமானியால் பார்க்கிறோம். அதற்குப் பிறகு என் முழங்கையை வைத்தும் பார்ப்பேன். எடை அன்று நாற்பத்தொன்பது கிலோ, இன்று நாற்பத்தெட்டரை. தீ விபத்து வழி சரியாக இருக்கிறது. சமையலறைக் கதவைத்தான் சமையல்காரர் வெங்காய மூட்டை வைத்துத் திறந்து போட்டிருந்தார். எடுக்கச் சொன்னேன். "வெந்து போறதுக்கு நான் என்ன உருளைக்கிழங்கா சிஸ்டர்?" என்றார். எடுத்துவிட்டார். உறவு விஷயத்தை நிர்வாகியிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்தேன். நகல் இணைத்திருக்கிறேன். நகல் இல்லாமல் நீங்கள் எதையும் நம்பமாட்டீர்கள் என்பது மறக்கவில்லை.

அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பற்றிக் குறை சொல்கிறார்கள். நேற்று சொன்னது: "அவளும் நர்சுதான் சிஸ்டர். ஆனா உன்னை மாதிரி கிடையாது. எப்பப் பாரு மூஞ்சிய உம்முனு வச்சிருப்பா. சாப்பாட்டுல வேற என்னத்தையோ கலந்துடுவா."

"அய்யோ, எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்றேன்.

"என் பையன் கெட்டிக்காரன். கண்டுபிடிச்சுட்டான்ல!"

அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் சேர்ந்துகொண்டு அந்த மருமகளைக் கொஞ்சம் திட்டினேன்.

ஒரு கவலை. எல்லாரும் விஷம் வைக்கிறார்கள் என்று மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து, வலிப்பு வராமலிருக்கக் காலையும் மாலையும் ஒரு கேப்சூல் உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் வலிப்பு வரும். விழுந்தால் இந்த வயதில் எந்த எலும்பு போகும் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரியாமல் உணவில் கலந்து தரலாம் என்கிறார் மருத்துவர். அதற்கு உரிமையுள்ள உறவினரின் ஒப்புதல் வேண்டும். நினைவு தெளிவாக இருந்த காலத்தில் அம்மா எழுதிக் கொடுத்தது உங்கள் பெயரை. உங்கள் தங்கையின் கையெழுத்துச் செல்லாது. படிவம் இணைத்திருக்கிறேன். ஒரே ஒரு கையெழுத்து. தயவுசெய்து உடனே அனுப்புங்கள்.

தலைமை நர்ஸ்


பிப்ரவரி 19

தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். பதில் கிடைத்தது. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. அதுவே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. என் அனுபவத்தில், ஒழுங்காக நடக்கும் இடத்தில் ஒன்றிரண்டு கேள்விக்காவது "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள்.

தங்கை போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். "அண்ணா, அம்மாவைப் படம் எடுத்து அனுப்பவா?" என்று கேட்டாள். முதலில் அட்டவணை என்றேன். அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப் போன நேரங்கள் அதில் இருக்கின்றன. 8.00, 10.00, 12.00, 2.00, 4.00. மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் 8.07 இருக்கும், 10.25 இருக்கும், ஒரு வேளை விட்டும் போயிருக்கும். இங்கே ஐந்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. இதை எழுதியவர் அம்மாவோடு நடக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு தாளில் இவ்வளவு தைரியமாகப் பொய் எழுதும் இல்லம், உணவில் கலக்க என்னிடம் கையெழுத்துக் கேட்கிறது. படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எந்த உணவில், கலப்பது யார், கலக்கும்போது கூட நிற்பது யார் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. முழுதாக நிரப்பி அனுப்பினால் பரிசீலிக்கிறேன்.

ஏழாம் அறையின் மகன்


மார்ச் 1

வணக்கம்.

அட்டவணை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அன்று பணியிலிருந்த உதவியாளர் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். "கூட்டிட்டுப் போறதா, எழுதிட்டிருக்கிறதா சிஸ்டர்? ஒன்பது பேர், எனக்கு ரெண்டே கை" என்றாள். அம்மாவை நடத்திக்கொண்டு போனது உண்மை. நான் தாழ்வாரத்தில் பார்த்தேன். எழுதிய விதம் தவறு. இனி அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குறையைக் காட்டியதற்கு நன்றி. கேலியாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24 அன்று சாப்பாட்டு அறையில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. நாற்காலியில் இருந்ததாலும் நான் பக்கத்தில் நின்றதாலும் விழவில்லை. ஒன்றரை நிமிடம். தெளிந்ததும் "என்னை யாரு தள்ளினது?" என்று கேட்டார்கள். மூன்று நாளாக ஒரு கேப்சூல்கூட உள்ளே போயிருக்கவில்லை.

விவரங்களை நிரப்பியிருக்கிறேன். கேப்சூலைத் திறந்து, உள்ளே இருக்கும் மணிகளை மசித்த வாழைப்பழத்தில் கலக்க வேண்டும். கலப்பது நான் அல்லது பணியிலிருக்கும் நர்ஸ். மருத்துவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மருந்தாளர் போட்டிருக்கிறார். உங்கள் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

ஒரு தடவை வந்து பாருங்கள். ஆய்வாளராக வேண்டாம்.

தலைமை நர்ஸ்


மார்ச் 9

"நான் அல்லது பணியிலிருக்கும் நர்ஸ்." அந்த "நான்" யார் என்று படிவத்தில் எழுதியிருக்கிறாயா? எழுதியிருக்க மாட்டாய்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஐந்து வருடம் ஒரே வீட்டில் உன்னை என் அம்மா என்ன பாடுபடுத்தினாள் என்று எனக்குத் தெரியாததல்ல. உன் அலமாரியைக் குடைந்தாள். உன் சம்பள நாளில் மட்டும் காய்ச்சல் என்று படுத்தாள். நீ சமைத்ததை என் முன்னாலேயே பூனைக்கு வைத்து, பூனை நடமாடுகிறதா என்று பார்த்தாள். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சண்டை போட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும் என்று விட்டிருப்பேன். வாயைத் திறக்காதவர்கள் எல்லாவற்றையும் எங்கேயோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். நானும் அந்த ஜாதிதான். பல்லழகர் எந்தக் கூட்டத்தில் என் பேச்சை வெட்டினார் என்று தேதியோடு சொல்வேன்.

இப்போது அவள் உன் கையில் இருக்கிறாள். ஆளை அடையாளம் தெரியாமல், உன்னிடமே உன்னைத் திட்டிக்கொண்டு. நீ "சேர்ந்துகொண்டு திட்டினேன்" என்று எழுதுகிறாய். அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ள ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் ஆய்வாளர். இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால், என் அம்மாவின் சாப்பாட்டில் அவளுக்குத் தெரியாமல் நீ எதையும் கலக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

படிவம் திரும்ப வருகிறது. காட்டி, சொல்லி, கையில் கொடுங்கள். மருந்து கொடுக்கத் தெரிந்த நர்சுக்கு அது முடியாத காரியமல்ல.


மார்ச் 16

வணக்கம்.

இதை நான் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

நான் வாயைத் திறக்காமல் போனதற்குக் காரணம் அம்மா என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இல்லை. நான் வைத்த சூப்பில் அரைக் கிண்ணத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி, உங்கள் அலுவலகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினீர்கள். மாதிரி எண் 118. "தீங்கு தரும் பொருள் எதுவும் இல்லை" என்று வந்த சீட்டு உங்கள் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போடும்போது எடுத்தேன். அனுப்பியதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அம்மா அழுதிருப்பார்கள், நீங்களும் என்ன செய்வீர்கள். ஆனால் சீட்டு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளும் நீங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்றீர்கள்.

நான் எதையும் சேர்த்து வைக்கவில்லை. நர்ஸ் வேலையில் அதற்கு நேரம் கிடையாது. ஒன்பது அறையிலும் யாராவது ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குளிக்க வைத்துத் தலை சீவிவிட்டால் அத்தனையும் முடிந்துபோகிறது.

காட்டி, சொல்லி, கையில் கொடுத்துப் பார்த்தேன். முகத்தில் துப்பினார்கள். இப்போது ஆறு நாளாக மருந்து தவறாமல் போகிறது. வலிப்பு இல்லை. நேற்று தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்துபோய், அந்தக் கார் சமையல்காரருடையது என்று கண்டுபிடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

படிவத்தை மூன்றாவது முறையாக அனுப்புகிறேன். என் மேல் இருக்கும் சந்தேகம் அப்படியே இருக்கட்டும். கையெழுத்து மட்டும் போடுங்கள்.

தலைமை நர்ஸ்


மார்ச் 22

தலைமை நர்ஸ் அவர்களுக்கு,

ஆறு நாளாக மருந்து தவறாமல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பிக்கொண்டிருந்தவர் திடீரென்று எப்படி விழுங்குகிறார் என்று எழுதவில்லை. என் கையெழுத்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பழைய விஷயங்களுக்குப் பதில் எழுதுவதாக இல்லை.

ஏழாம் அறையின் மகன்


ஏப்ரல் 4

வணக்கம்.

இந்தக் கடிதத்தை இல்லத்திலிருந்து எழுதவில்லை. என் அறையிலிருந்து எழுதுகிறேன். முந்தாநாள் முதல் எனக்கு வேலை இல்லை.

முப்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்தார்கள். பெயரில்லாத புகார் ஒன்று வந்ததாம். வந்த மூத்த ஆய்வாளர் அதை மேசைமேல் திறந்து வைத்திருந்தார். பத்திக்கு எண் போட்டு, "மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் 8.07 இருக்கும்" என்று எழுதியிருந்தது. பெயர் போடாமலிருந்தால் போதும் என்று நினைத்துவிட்டீர்கள்.

உங்கள் பல்லழகர் மோசமான மனிதர் இல்லை. நிறையச் சிரிக்கிறார், அவ்வளவுதான். வெந்நீர், மணி, மருந்து வண்டியின் பூட்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஏழாம் அறைக்கு வந்தார். நான் அத்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தேன். "எப்படிம்மா இருக்கீங்க? இங்க நல்லா பார்த்துக்கிறாங்களா?" என்று குனிந்து கேட்டார்.

அத்தைக்கு ஆபீசர்களைக் கண்டால் ஒரு உற்சாகம். "இந்த சிஸ்டர் தங்கம் சார். எழுதிக்கோங்க. என் மருமக இருந்தாளே, அவ சாப்பாட்டுல மருந்து வச்சுடுவா. நான் கண்டவங்க கையால சாப்பிட மாட்டேன். இவ கையாலன்னா கண்ணை மூடிட்டுச் சாப்பிடுவேன்" என்றார்கள்.

என்னைப் புகழத்தான் சொன்னார்கள். அவர் உடனே கிண்ணத்தைப் பார்த்தார்.

"இது என்ன சிஸ்டர், வெள்ளையா, மணி மணியா?"

"வெளிய வாங்க சார், சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க. மறைக்க என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சர்க்கரை என்றால் எழுதிக்கொண்டு போயிருப்பார். இருபத்தாறு வருடத்தில் ஓர் ஆய்வாளரிடம் நான் பொய் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். "மருந்து சார்."

அத்தை கேட்டுவிட்டார்கள்.

வாயிலிருந்ததைக் கையில் துப்பினார்கள். துப்பியதைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கத்தவில்லை. "நீயுமா?" என்று மட்டும் கேட்டார்கள். அதன் பிறகு தண்ணீர்கூட என் கையிலிருந்து வாங்கவில்லை.

உரிமையுள்ளவரின் ஒப்புதல் இல்லாமல் மருந்து கலந்தது விதிமீறல். இருபது நாள், நாற்பது வேளை. கலந்தது நான். ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாமென்று மருத்துவர் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார்; அவரை இழுக்கவில்லை. நிர்வாகி வருத்தப்பட்டார். ஆனாலும் இல்லத்தின் உரிமம் முக்கியம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

நீங்கள் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள் என்று எழுதப் பேனா முனை வரைக்கும் வருகிறது. ஆனால் அத்தைக்கு முப்பதாம் தேதியிலிருந்து மருந்து போகவில்லை. ஐந்து நாள்.


ஏப்ரல் 11

உன் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதினேன். புகார் கொடுப்பது குற்றமல்ல, விதி விதிதான், ஆய்வில் சொந்தபந்தம் கிடையாது என்று நான்கு பக்கம். பத்திக்கு எண்ணும் போட்டிருந்தேன். தபாலில் சேர்ப்பதற்குள் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, அம்மா விழுந்துட்டாங்க. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல. வலிப்பு அஞ்சு நிமிஷம் நிக்கவே இல்லையாம். புருவத்துல ஆறு தையல். உனக்கு இப்பத் திருப்தியா?"

அவள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. எனக்குத் திருப்தியா என்று நானும் யோசித்தேன். எங்கோ ஒரு மூலையில், நான் சொன்னது சரியாயிற்று என்று ஓர் அற்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இன்னும் எழுந்து போகவில்லை. அதை உன்னிடம் மறைத்துப் பயனில்லை.

அம்மா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஊசி வழியாக மருந்து போகிறது. இரண்டு வாரத்தில் இல்லத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். புது நர்ஸ் போனாலும் துப்புகிறாளாம், தங்கை போனாலும் துப்புகிறாளாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு நேற்று நிர்வாகிக்கு அனுப்பிவிட்டேன். பழைய தேதியைப் போட்டால் உன்மேல் உள்ள குற்றம் போகும் என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. நேற்றைய தேதிதான் போட்டேன்.

நீ திரும்ப வா. நிர்வாகியிடம் நானே பேசுகிறேன். கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.


ஏப்ரல் 18

வணக்கம்.

ஆஸ்பத்திரியில் போய் அத்தையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தையல் நன்றாக ஆறியிருக்கிறது. கதவருகே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் யாரென்று தெரியாது. ஆனால் நான் ஏமாற்றியவள் என்பது தெரிகிறது. பெயர், முகம், வருடம் எல்லாம் போன பிறகும் அது மட்டும் போகாமல் நிற்கிறது. ஆகவே நான் திரும்ப வந்தாலும் உபயோகமில்லை. நிர்வாகி கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

உங்கள் தங்கை முகமும் இப்போது அவர்களுக்குச் சந்தேகமாகிவிட்டது. புது முகம் ஒன்று வேண்டும். யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்கு ஒரு தடவைகூட ஊட்டிவிடாத ஆள், அந்த இல்லத்தில் அவர்கள் பார்த்தேயிராத ஆள், நீங்கள்தான்.

எப்படி என்று எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள். நன்றாகப் பழுத்த பழம் வேண்டும். கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். கேப்சூலை அறைக்குள் திறக்காதீர்கள், தாழ்வாரத்தில் திறந்து கலந்துவிட்டு உள்ளே போங்கள். மணிகளை நசுக்கக் கூடாது. கடிக்க விடவும் கூடாது, ஆகவே சின்னக் கரண்டி. மருந்தைக் கிண்ணத்தின் ஒரு பக்கமாக மட்டும் கலந்துகொள்ளுங்கள். அவர்களுடைய இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கத்தில் பார்வை குறைவு. தெரியாத பக்கத்திலிருந்து வருவதெல்லாம் அவர்களுக்கு விஷம். அவசரப்படாதீர்கள். மருந்தில்லாத பக்கத்திலிருந்து முதல் கரண்டியை நீங்கள் சாப்பிடுங்கள். அவர்கள் பார்க்கும்படி விழுங்குங்கள். நான் தினமும் அப்படித்தான் செய்தேன். எனக்கு வாழைப்பழம் பிடிக்காது.

ஏதாவது கேட்டால் பதில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். என்ன பதில் என்று நான் சொல்லித் தரமாட்டேன். அதை என்னால் அன்று சொல்ல முடியவில்லை.

வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. முகவரி எழுதவில்லை. அவசியமென்றால் கடிதத்தை உங்கள் தங்கையிடம் கொடுங்கள், எனக்கு வந்து சேரும். அவசியமென்றால் மட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


மே 6

வணக்கம்.

தங்கையிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவசியமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

துறைக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயரில்லாத புகார் என்னுடையது, ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாவது முறை வந்ததைப் பதில் போடாமல் கையிலேயே வைத்திருந்தவன் நான், தாமதத்துக்குக் காரணம் இல்லமோ தலைமை நர்சோ அல்ல என்று. பல்லழகர் படித்துவிட்டு, "சார், இதை நீங்களே திரும்ப எடுத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்றார், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புக்காகவே திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே இதையெல்லாம் என் நல்ல குணத்தில் சேர்க்க வேண்டாம். விசாரணை முடியும் வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கும் விதிமீறல் குறிப்பைத் திருத்துவார்களா என்று தெரியவில்லை. வாரம் ஒரு கடிதம் போட்டுக் கேட்பேன். கடிதம் போட்டுத் தொந்தரவு செய்வதில் எனக்கு ஈடு கிடையாது.

இல்லத்துக்கு எதிர்த் தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். அம்மா ஏழாம் அறைக்குத் திரும்பி எட்டு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். என் சட்டையெல்லாம் வாழைப்பழம். சமையல்காரர் வெங்காய மூட்டையைத் திரும்பவும் கதவில் வைத்திருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த உதவியாளர் மட்டும், "சார், கரண்டியைக் கத்தி மாதிரி பிடிக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா வெகுநேரம் என்னைப் பார்த்தாள்.

"யாரு தம்பி நீ? டாக்டரா?"

"இல்லம்மா. சும்மா, எதிர்த் தெருவுல இருக்கேன்."

"வேலை வெட்டி இல்லையா?"

"இப்போதைக்கு இல்லம்மா."

அது அவளுக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. முதல் கரண்டியை நான் சாப்பிட்டேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்கிட்டியா? வாயைத் தொற."

திறந்தேன். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம் இரண்டு பக்கமும் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் எந்த இல்லத்தையும் அவ்வளவு முழுமையாகப் பார்த்ததில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லணும். இதுல ஒண்ணும் கலக்கலையே?"

கதவு திறந்துதான் இருந்தது. தாழ்வாரத்தில் யாரும் இல்லை.

"ஒண்ணும் கலக்கலம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாயைத் திறந்தாள். ஏழு கரண்டி. ஒன்றையும் துப்பவில்லை. வாயைத் துடைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தூங்கிவிட்டாள் என்று நான் எழப்போன நேரத்தில் சொன்னாள்:

"என் பையன் பெரிய ஆபீசர். வந்தான்னா உன்னையும் நூறு கேள்வி கேப்பான். பயப்படாத. நல்ல புள்ளைன்னு நான் சொல்றேன்."

"சொல்லுங்கம்மா" என்றேன்.

அன்றிலிருந்து ஒரு வேளையும் தவறவில்லை.

ஏழாம் அறையிலிருந்து